எங்கும் நிறைந்தவரும் இரண்டு பொதி மண்ணும்

இறைவன் தூணிலும் இருக்கிறான், துரும்பிலும் இருக்கிறான் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்காத தமிழ்த் தாய் அரிது. பிரகலாதன் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கும், ஞாயிறு பள்ளியில் வேதாகமக் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கும் இந்த ஒரு பாடத்தில் வேற்றுமை இல்லை. கடவுள் என்னும் சொல்லையே கட, உள் எனப் பிரித்து, அனைத்தையும் கடந்தும் அனைத்தின் உள்ளும் நிற்பவர் எனப் பொருள் விரிப்பது நம் சான்றோரிடையே நெடுநாள் வழக்கு. சொல்லாராய்ச்சியாளர் அதனை ஏற்கலாம், மறுக்கலாம். பொருள் என்னவோ அழகாகப் பொருந்திவிட்டது.

கிறித்தவ இறையியலில் சர்வவியாபகம் எனப்படும் இக்கருத்து எவ்வாறு உருப்பெற்றது, அது எதற்குப் பயன்படுகிறது என்பனவற்றைப் பல சமயத்தாரும் படிக்கும் இம்மலரில் எழுத முற்படுகிறோம். இது குருமார் கல்லூரியில் மட்டும் பேசவேண்டிய பொருள் அன்று. சொந்த ஊரை விட்டு இரண்டு இரவுப் பயணத் தொலைவுக்கு அப்பால் வந்து குடியேறிய நமக்கு, இறைவன் எங்கும் உள்ளாரா என்னும் வினா வேறு யாரையும்விட நெருக்கமானது.

முதலில் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். பழங்காலத்து மக்களுக்குத் தெய்வங்கள் நிலத்தோடு கட்டுண்டவை. மலைக்கு ஒரு தெய்வம், சமவெளிக்கு ஒரு தெய்வம், எல்லை தாண்டினால் வேறொரு தெய்வம். எபிரேய மக்களும் இந்த உலகத்தின் நடுவேதான் வாழ்ந்தார்கள். இறைவன் எங்கும் உள்ளார் என்னும் உண்மை அவர்களுக்கு ஊரில் அமர்ந்திருந்தபோது புலப்பட்டதைவிட, ஊரை இழந்தபோதே மிகுதியும் புலப்பட்டது. அண்ணனுக்கு அஞ்சி வீட்டை விட்டு ஓடிய யாக்கோபு, வழியில் ஒரு கல்லைத் தலைக்கு வைத்து உறங்கிய வெட்டவெளியில்தான், தான் அறியாமற் போயினும் இறைவன் அவ்விடத்திலும் இருந்ததை உணர்ந்து திடுக்கிட்டான். பின்னொரு நாள் பாபிலோனியர் படையெடுத்து வந்து, கி.மு. 597இல் ஒரு கூட்டத்தாரைச் சிறைப்பிடித்துச் சென்றனர், கி.மு. 586ஐ ஒட்டி எருசலேம் ஆலயத்தையும் இடித்துத் தள்ளினர். கேபார் ஆற்றங்கரையில் குடியேற்றப்பட்டவர்களுள் ஒருவர் எசேக்கியேல். ஆலயத்தில் அசையாமல் வீற்றிருப்பதாக எண்ணியிருந்த இறைவனை, அவர் அந்த அந்நிய ஆற்றங்கரையில் சக்கரங்கள் பூண்ட அரியணைமேல் கண்டார். சக்கரம் என்னும் அந்த உறுப்பை நாம் கவனிக்கவேண்டும். அரியணையே புலம்பெயர்ந்து வந்துவிட்டது.

அதே காலத்தில் எருசலேமிலிருந்து எரேமியா என்னும் தீர்க்கதரிசி அந்தச் சிறைவாசிகளுக்கு ஒரு மடல் எழுதினார். விரைவில் ஊர் திரும்புவீர்கள் என்று ஆறுதல் கூறும் மடல் அன்று அது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், நீங்கள் வாழும் அந்நகரின் நலனுக்காக மன்றாடுங்கள் என்று அவர் எழுதினார். பகைவர் நகரின் நலனுக்காக மன்றாடச் சொல்வது எளிதன்று. அங்கும் தம் இறைவன் இருக்கிறார் என்று தெளிந்தவனே அப்படிச் சொல்ல முடியும்.

ஆயினும் எமக்கு மிகவும் பிடித்த கதை இன்னொன்று. சீரியா நாட்டுப் படைத்தலைவன் நாகமான் தொழுநோயால் வருந்தி, எலிசா என்னும் தீர்க்கதரிசியைத் தேடி வந்து, யோர்தான் ஆற்றில் ஏழு முறை மூழ்கி நலம் பெற்றான். இனி இசுரவேலின் இறைவனைத் தவிர வேறு யாரையும் தொழேன் என்று உறுதி கூறிய அவன், கூடவே ஒரு விண்ணப்பமும் செய்தான். இரண்டு கோவேறு கழுதைகள் சுமக்கும் அளவுக்கு இந்த நாட்டு மண்ணை எடுத்துச் செல்ல எனக்கு இசைவு தரவேண்டும் என்றான். தன் ஊரில் அந்த மண்ணைப் பரப்பி, அதன்மேல் நின்று தொழுவது அவன் எண்ணம் போலும்.

இறையியல் மாணவன் ஒருவன் தேர்வுத்தாளில் இப்படி எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிடுவார். எங்கும் உள்ளவரை வணங்க மண் எதற்கு? எலிசாவுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அவர் விளக்கவுரை ஆற்றவில்லை. மூடநம்பிக்கை என்று கடியவும் இல்லை. அமைதியோடு போய்வரும்படி வாழ்த்தி அனுப்பினார், கதை அவ்வளவே. எங்கும் நிறைந்திருத்தல் என்னும் கோட்பாட்டைப் பற்றி எழுதப்பட்ட பெரிய நூல்கள் பலவற்றிலும் இந்த அன்பான மௌனத்துக்கு நிகரான பகுதியை யாம் கண்டதில்லை.

இதன் பொருள் எமக்கு விளங்கியது எம் அன்னையாரால். 1978இல் தந்தையார் காலமானபின், நெல்லைச் சீமையின் தேரி மணற்காட்டு ஓரத்திலிருந்த ஊரிலிருந்து அன்னையாரைத் தில்லிக்கு அழைத்து வந்தோம். அரசுக் குடியிருப்பின் இரண்டாம் மாடி. மார்கழிக் குளிருக்கு ரசாயும், கரி கனலும் அங்கீட்டியும், உடன் பேச மருமகளும், விளையாடப் பேரப்பிள்ளைகளும் இருந்தும் அவர் முகம் தெளியவில்லை. ஊரில் கோயில் மணி அடிக்குமுன் எழுந்து, புறவாசலில் முருங்கை மரத்தடியில் முழந்தாளிட்டு, அண்டை வீட்டாரிடம் பேசுவதுபோல் உரக்க மன்றாடிப் பழகியவர் அவர். இங்கே விடியலில் படுக்கையிலேயே வாய்திறவாது அமர்ந்திருந்தார். ஆண்டவர் இங்கும் இருக்கிறார் அம்மா என்று யாம் ஒருநாள் கூறினோம். அவர் எம்மை ஏறிட்டுப் பார்த்து, “எய்யா, அவரு இங்கயும் இருக்காருன்னு எனக்குத் தெரியாதா? இருக்காரு. ஆனா இங்க அவருகிட்ட எனக்குப் பேச்சு வரமாட்டேங்கு” என்றார்.

கோட்பாட்டில் அவருக்கு ஐயம் இல்லை. எழுத்தறிவு குறைந்த அவர் அதனைப் பேராசிரியர் எவருக்கும் குறையாமல் நம்பினார். எங்கும் இருக்கிறார் என்பது ஒன்று, இங்கே நான் அவரோடு இருக்க முடிகிறதா என்பது மற்றொன்று என்பதைத்தான் அவர் கண்டு சொன்னார்.

அக்காலத்தில் எம் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. காலையில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஆராதனை நடக்கும் ஓர் ஆலயத்தில் மாலை நான்கு மணிக்கு எமக்கு இடம் தந்திருந்தார்கள். முதன்முறை அங்கே அழைத்துச் சென்றபோது, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் இயற்றிய கீர்த்தனை ஒன்றைச் சபையார் எடுத்தனர். முதல் அடி முடியுமுன் அன்னையார் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். வீடு திரும்பும் பேருந்தில், “இன்னைக்குப் பேச்சு வந்துட்டு” என்று மட்டும் சொன்னார். நாகமான் கொண்டுபோன இரண்டு பொதி மண் எது என்பதை அன்று கண்டோம். நம்மவர் இந்நாட்டின் எந்த நகருக்குப் போனாலும் ஒரு சங்கம், ஒரு கோயில், ஒரு பொங்கல் விழா என்று தொடங்கிவிடுவதை எள்ளி நகையாடுவோர் உண்டு. அவர்கள் எலிசாவிடம் கற்கவேண்டும்.

இனி, அறிஞர்கள் இதனைக் கருதிய வகையைச் சிறிது பார்க்கலாம். எங்கும் நிறைந்தவர் என்றவுடன் நம் மனம் காற்றையோ கடலையோ நினைக்கிறது. வட ஆப்பிரிக்காவில் பிறந்த புனித அகுஸ்தீனும் இளமையில் அப்படித்தான் எண்ணினார். எல்லையற்ற கடலில் ஊறிக் கிடக்கும் பெரியதொரு கடற்பஞ்சு போல உலகம் இறைவனில் ஊறிக் கிடப்பதாகக் கற்பனை செய்துகொண்டார். பின்னர்த் தம் வாழ்க்கை வரலாறாகிய அறிக்கை நூலில் அந்த எண்ணத்தைத் தாமே மறுக்கிறார். அது உண்மையானால் சிட்டுக்குருவியின் உடலில் இருப்பதைவிட யானையின் உடலில் இறைவன் அதிகமாக இருக்கவேண்டுமே என்பது அவர் வாதம். எளிய வாதம்தான், ஆனால் அது முழு மாளிகையையும் சரித்துவிடுகிறது. 417ஆம் ஆண்டில் தர்தானுசு என்பவருக்கு எழுதிய மடலில் அவர் இதனை விரித்துரைத்தார். இறைவன் உலகெங்கும் பரந்திருப்பது ஒரு பகுதி இங்கும் ஒரு பகுதி அங்குமாக அன்று. அவர் ஒவ்வோரிடத்திலும் முழுமையாக இருக்கிறார். எந்த இடமும் அவரைக் கொள்வதில்லை. குருவியினிடத்தும் முழுமையாக, யானையினிடத்தும் முழுமையாக.

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதற்கு ஓர் ஒழுங்கு வகுத்தார். ஓர் அரசன் தன் நாடு முழுவதிலும் ஆணையால் இருக்கிறான். தன் கண்முன் விரிந்திருக்கும் கூடத்தில் பார்வையால் இருக்கிறான். தான் வீற்றிருக்கும் இருக்கையில் தானே இருக்கிறான். அரசனுக்கு இவை மூன்றும் வெவ்வேறு அளவின. இறைவனுக்கோ மூன்றும் எங்கும் ஒத்து நிற்பன என்றார். ஒவ்வொரு பொருளும் இருப்பதற்கு அவரே காரணராதலின், அப்பொருள் இருக்கும் வரை அவர் அதன் உள்ளிருந்து அதனைத் தாங்குகிறார். ஆயினும் அப்பொருளே அவர் ஆகிவிடுவதில்லை. எல்லாவற்றிலும் இறைவன் என்பது வேறு, எல்லாமே இறைவன் என்பது வேறு. கிறித்தவ இறையியல் இவ்விரண்டின் இடையே கோடு கிழித்து அதனைக் கண்ணுங்கருத்துமாகக் காத்து வருகிறது. அதே நூற்றாண்டில் நம் மெய்கண்டாரின் மரபு, இறைவன் உயிர்களோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்கும் நிலையை ஆராய்ந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிடுவது இரண்டுக்கும் இழைக்கும் அநீதியாகும். ஒருவரையொருவர் அறியாத இரண்டு அறிவாளர் குழுக்கள் ஒரே கடினமான முடிச்சின்மேல் விரல் வைத்திருந்தன என்ற அளவில் வியந்து மேலே செல்வோம்.

இக்கோட்பாட்டால் சண்டையும் விளைந்தது. 1529இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் மார்ட்டின் லூத்தரும் சுவிட்சர்லாந்தின் சுவிங்லியும் கூடிப் பேசினர். திருவிருந்தின் அப்பத்தில் கிறித்துவின் உடல் உண்மையாகவே இருக்கிறது என்றார் லூத்தர். இறைவனின் வலப்பக்கம் என்பது எல்லா இடமுமே ஆகலின் கிறித்துவும் எங்கும் உள்ளார் என்பது அவர் கொள்கை. உடல் என்றால் ஓரிடத்தில்தான் இருக்கவேண்டும், அது விண்ணுலகில் உள்ளது என்றார் சுவிங்லி. இருவரும் உடன்படாமலே பிரிந்தனர். எங்கும் இருப்பவரைப் பற்றிப் பேச வந்தவர்கள் ஒரே பந்தியில் அமர இயலாமற் போனது வரலாற்றின் வேடிக்கை. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு லூத்தரின் மரபினர். ஆகவே தொலைவிலிருந்த அச்சண்டையின் நிழல் தமிழ்நாட்டுச் சபைகள் மீதும் விழாமற் போகவில்லை. இதற்குமேல் அதனை இங்குக் கிளறவேண்டா.

எமக்குக் கவலை தருவது வேறொரு பயன்பாடு. கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லிப் பிள்ளைகளை அடக்கும் பழக்கம் எச்சமயத்துக்கும் பொதுவானது. முக்கோணத்துக்குள் வரைந்த ஒற்றைக் கண் படத்தைச் சுவரில் மாட்டி வைத்திருந்த ஒரு விடுதியில் யாம் படித்தோம். காவல்துறை செய்யவேண்டிய வேலையைக் கடவுளின் தலையில் கட்டுவது அது. வேதாகமத்தின் முதல் நூலில் ஆகார் என்றோர் எகிப்தியப் பெண் வருகிறாள். அடிமை. வயிற்றில் பிள்ளை. எசமானியின் கொடுமை தாங்காமல் பாலைவனத்துக்கு ஓடிவிடுகிறாள். அங்கே ஒரு நீரூற்றின் அருகே இறைவனின் தூதன் அவளைக் கண்டு பேசுகிறான். அவள் இறைவனுக்குத் தானே ஒரு பெயர் சூட்டுகிறாள்: என்னைக் காண்கிறவர் என்பது அப்பெயரின் கருத்து. எந்த மனிதரும் ஏறெடுத்துப் பாராத ஒருத்திக்கு, காணப்படுதல் என்பதே பெரும் பேறு. அதே பார்வையைத்தான் பிள்ளைகளை அச்சுறுத்தும் கோலாக நாம் மாற்றியிருக்கிறோம்.

இதற்கு நேர்மாறான மற்றொரு கேடும் உண்டு. எங்கும் இருக்கிறார் என்று சொல்லிச் சொல்லியே, குறிப்பாக எங்கும் அவரைக் காணாமல் இருந்துவிடலாம். இதனால்தான் கிறித்தவம் எங்கும் என்பதோடு நில்லாமல் இங்கே என்று சுட்டவும் துணிகிறது. கலிலேயாவில், அதிலிருந்து நன்மை ஏதும் வருமோ என்று அக்காலத்தாரே ஐயுற்ற நாசரேத் என்னும் சிற்றூரில், ஒரு தச்சரின் இல்லத்தில் இறைமகன் வளர்ந்தார் என்பது அதன் அறிக்கை. ஊர்ப்பெயர் இல்லாத இறைவனை அது அறியாது. அவரே பின்னர், பசித்தவனிடத்திலும் நோயுற்றவனிடத்திலும் சிறையில் இருப்பவனிடத்திலும் அந்நியனிடத்திலும் தம்மைத் தேடச் சொன்னார். அந்நியன் என்னும் சொல்லைப் பிற நகரில் வாழும் நாம் கடந்து போய்விட முடியாது. நாம் அந்நியராய் இங்கு வந்து இறங்கினோம். நமக்குப் பின் வந்து இறங்கியவர்களும் இருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுத் துறவி தெரேசா, இறைவன் அடுக்களைப் பானைகளின் நடுவிலும் உலவுகிறார் என்று தம் கன்னியருக்கு உணர்த்தினார். அடுத்த நூற்றாண்டில் பாரீசில் ஒரு துறவு மடத்தின் சமையற்கட்டில் உழைத்த லாரன்ஸ் என்னும் சகோதரர், அடுப்படியின் இரைச்சலிலும் தாம் இறைவன் முன்னிலையில் இருப்பதாகவே வாழ்ந்து 1691இல் மறைந்தார். கோட்பாட்டை நிறுவியவர்களைவிட அதனைச் சமைத்து உண்டவர்கள் இவர்கள் என்று எமக்குத் தோன்றும்.

அன்னையார் ஒரு குளிர்காலத்துக்கு மேல் தில்லியில் தங்கவில்லை. ஊர் திரும்பி, மூத்த அக்காளின் துணையோடு வாழ்ந்தார். 1986இல் ஒரு மாலை தந்தி வந்தது. புறப்பட்டோம். தில்லியிலிருந்து எம் ஊர் ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர். சென்னை சென்ட்ரலில் இறங்கி எழும்பூருக்குப் போய் அடுத்த வண்டியைப் பிடிக்கவேண்டும். முதல் இரவில், ஜான்சிக்கு அப்பால் எங்கோ வண்டி இருளில் நின்றுவிட்டபோது, அகுஸ்தீனின் யானையும் சிட்டுக்குருவியும் நினைவுக்கு வந்தன. இந்தப் பெட்டியில் எம்மோடு இருப்பவர் எவரோ, அவரே இந்நேரம் அந்தத் தேரி ஓரத்து வீட்டில் அன்னையின் கட்டிலருகே இருக்கிறார். பாதி இங்கும் பாதி அங்குமாக அன்று. இங்கும் முழுமையாக, அங்கும் முழுமையாக. எமக்கும் அவருக்கும் இடையே இத்தனை ஊர்கள், இத்தனை ஆறுகள். இறைவனுக்கும் அவருக்கும் இடையே ஒரு சாணும் இல்லை.

அது ஆறுதல்தான். ஆனால் இக்கோட்பாடு ஒரு தந்திக் கம்பி அன்று. அது எமக்குச் செய்தி எதுவும் கொண்டுவரவில்லை. வண்டியையும் விரைவாக ஓட்டவில்லை. எங்கும் உள்ளவர் என்று நம்பப்படுபவரே சிலுவையில் தொங்கியபோது, தம்மைக் கைவிட்டது ஏன் என்று தந்தையை நோக்கிக் கதறினார் என நற்செய்தி நூல்கள் மறைக்காமல் கூறுகின்றன. அந்தக் கதறலை நீக்கிவிட்டு எங்கும் நிறைந்தவர் என்று போதிப்பது, இழவு வீட்டில் கணக்குப் பாடம் நடத்துவது போலாகும்.

யாம் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கடைசி இரவில் அன்னையார் தில்லி, பிலாய், கோலார் என்று தம் பிள்ளைகள் வாழும் ஊர்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மன்றாடினார் என்று அக்காள் கூறினாள். பிலாய் வடக்கே இருக்கிறதா கிழக்கே இருக்கிறதா என்பதுகூட அவருக்குத் தெரியாது. பேச்சு மட்டும் தடையின்றி வந்தது.

அகுஸ்தீனின் தாயார் மோனிக்காவின் சாவும் ஒருவகையில் இது போன்றதே. 387இல், ஆப்பிரிக்கக் கரைக்குத் திரும்பும் கப்பலுக்காக உரோமையின் துறைமுகமான ஒசுத்தியாவில் காத்திருந்தபோது அவர் நோயுற்றார். தம் ஊரில் கணவரின் அருகே தமக்கென்று கல்லறை இடம் முன்பே ஏற்பாடு செய்திருந்தவர் அவர். ஆயினும் இறுதியில், உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள் என்று மக்களிடம் கூறிவிட்டார். இறைவனுக்கு எந்த இடமும் தொலைவன்று, தம்மை எங்கிருந்து எழுப்பவேண்டும் என்பது அவருக்குத் தெரியாமற் போகாது என்பது அவர் நம்பிக்கை. 1945இல் ஒசுத்தியாவில் மண்ணைத் தோண்டியபோது அவர் கல்லறைக் கல்வெட்டின் ஒரு துண்டு கிடைத்தது. எலும்புகளோ 1430லேயே உரோமைக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தன. புதைத்த இடம் பொருட்டன்று என்றவரின் எலும்பையும் மக்கள் விட்டுவைக்கவில்லை. இதற்கு மாறாக, எகிப்தில் அமைச்சனாய் உயர்ந்து செல்வாக்கோடு வாழ்ந்த யோசேப்போ, தன் எலும்புகளை எப்படியாவது மூதாதையர் நாட்டுக்கு எடுத்துப் போகவேண்டும் என்று ஆணையிட்டு வாங்கிக்கொண்டே இறந்தான். மோசே அவற்றைச் சுமந்து சென்றார். வேதாகமம் இவனைக் கடிந்ததுமில்லை.

இப்போது எம் முறை வந்திருக்கிறது. பிள்ளைகள் இந்நகரிலேயே பிறந்தவர்கள். அவர்கள் இறைவனோடு பேசும் மொழியில் இந்தியும் ஆங்கிலமும் தமிழும் கலந்திருக்கின்றன. பேச்சு வருகிறதா என்பதே கேள்வி என்பதால் யாம் அதனைத் திருத்துவதில்லை. அடக்கம் பற்றிய பேச்சு வீட்டில் அவ்வப்போது எழுகிறது. எம் துணைவியார் மோனிக்காவின் பக்கம்; பிள்ளைகள் வந்து பூ வைக்க வசதியாக இங்கேயே இருக்கட்டும் என்கிறார். எமக்கோ தேரி மண்ணின் சிவப்பு கண்ணுக்குள் நிற்கிறது. இரண்டு தரப்புக்கும் வேதாகமத்தில் சான்று இருப்பதால், எங்கள் வழக்கு இன்னும் தீர்ப்பாகாமல் நடந்துகொண்டிருக்கிறது. சென்ற கோடையில் ஊருக்குப் போய்வந்த மகள் ஒரு சிறு பையில் அந்த மண்ணைக் கொண்டுவந்து, மாடத்தில் துளசித் தொட்டிக்கு அருகிலுள்ள முருங்கைக் கன்றின் அடியில் கொட்டினாள். கன்று துளிர்த்திருக்கிறது. தில்லிக் குளிரைத் தாங்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.